திலகம் அக்கா நேர்ந்துகொண்ட கிடா

மலேசியாவில், சுங்கை புரோங் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் திலகம் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. பதினாறு வயதில் உதிரிப்பழம் பொறுக்க இறங்கியவர், புருஷன் போன பிறகும் அதே வேலையைச் செய்து ஒரே மகன் குகனை ஆளாக்கினார். கோபம் வந்தால் வேலை வாங்கும் மண்டோரையே நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். அழுது நான் பார்த்தது இரண்டே தடவை.

முதல் தடவை, மூன்று வருஷத்துக்கு முன்பு. பழம் ஏற்றிப் போன குகனின் லோரி வாய்க்காலில் கவிழ்ந்து, ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் அவன் கண் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திறந்தான். அக்கா முனியாண்டி கோயிலுக்கு ஒரு கருப்புக் கிடா நேர்ந்திருந்தார். அதனால்தான் பிள்ளை பிழைத்தான் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

பிழைத்து எழுந்த பிள்ளைதான் வம்பு செய்தான். புக்கிட் செந்தோசாவில் பேக்டரி வேலைக்குப் போனவன், அங்கே நண்பர்களோடு சேர்ந்து கவிச்சியை விட்டான். "எனக்காக ஒரு உசுர வெட்டுனா நான் அந்தக் கோயில் வாசல மிதிக்க மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டான். மகன் பக்கத்தில் நிற்காமல் அவனுக்கான நேர்த்திக்கடனை எப்படிச் செலுத்துவது? இரண்டு திருவிழா அப்படியே போனது. போன் அடித்தாலே அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார். கடனைத் தீர்க்காததால் சாமி பிள்ளையைத் திரும்பக் கேட்டுவிடுமோ என்ற பயம்.

இதற்கிடையில் குகனும் நண்பர்களும் கோயில் கூட்டத்துக்கு வந்து, பலியை அடியோடு நிறுத்த வேண்டும் என்றார்கள். பூசாரி இருசப்பன் விடுவாரா? "எங்கப்பாரு வெட்டுனாரு, நான் வெட்டுறேன். புடிக்காதவன் வீட்டுல இரு லா!" என்று எகிறினார். நாற்காலிகள் பறக்காத குறை. செயலாளர் என்று பேர் எடுத்த நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

பின்வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். "மஞ்சத்தண்ணி ஊத்துற வழக்கம் இருக்குல்ல? மூணு தடவ ஊத்துங்க. ஆடு ஒடம்பச் சிலுப்புனா சாமி உத்தரவு, வெட்டுங்க. சிலுப்பலன்னா விட்டுடுங்க. ரெண்டு பேரும் இதுக்குக் கட்டுப்படணும்."

இருசப்பனால் மறுக்க முடியவில்லை. அவர் கட்டிக் காக்கும் வழக்கமே அதுதான். குகன் சிரித்தான். "பச்சத்தண்ணி பட்டா ஆடு சிலுப்பாம என்னம்மா பண்ணும்?"

"சிலுப்பட்டும். நீ பக்கத்துல நில்லு, எனக்கு அது போதும்" என்றார் அக்கா. அவன் சரி என்றான். அம்மாவுக்காகத் தன் பிடிவாதத்தைப் பாதி விட்டுக்கொடுத்தான் என்று அப்போதே எனக்குப் பட்டது.

திருவிழா ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கிடாவைக் குளிப்பாட்டி, வேப்பிலை மாலை போட்டுச் சாமி முன்னால் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் அருவாளோடு இருசப்பன். மறுபக்கம் அக்கா, அவர் தோளை ஒட்டிக் குகன். அவன் நண்பர்கள் வேலி ஓரமாக நின்றார்கள்.

இருசப்பன் முதல் சொம்பை ஊற்றினார். கிடா தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு வேப்பிலையைப் பிடுங்கித் தின்றது. இரண்டாவது சொம்புக்கும் அசையவில்லை. மூன்றாவது சொம்பைத் தலையிலிருந்து வால்வரை ஊற்றினார். கிடா கண்ணை மூடித் திறந்ததோடு சரி. வேலி ஓரம் யாரோ கை தட்டினார்கள். கையை ஒடித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஏனென்றால் நான் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

"வேணான்ட்டாரு" என்றார் அக்கா, சத்தமே வராமல். "என் புள்ளைக்காகக் குடுத்தத சாமி வேணான்ட்டாரு." கண்ணீர் வழிந்தது. வெட்டினால் மகனுக்கு வலிக்கும் என்று மட்டும்தான் நாங்கள் எல்லாரும் யோசித்திருந்தோம். விட்டுவிட்டால் இவர் நெஞ்சு என்ன பாடுபடும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

குகன் குனிந்து சொம்பை எடுத்தான். மஞ்சள் தண்ணீரை விளிம்பு வரை மொண்டான். "மாமா, ஆட்டப் புடிங்க. நான் ஒரு தடவ ஊத்துறேன்."

"டேய் குகன், என்னடா பண்ற?" என்று வேலிப் பக்கமிருந்து ஒருவன் கத்தினான். குகன் திரும்பவில்லை. ஆடு சிலுப்பினால் வெட்டு விழும் என்று அவனுக்குத் தெரியும். உயிர்க்கொலை கூடாது என்று எங்களோடு மல்லுக்கு நின்றவன் ஆட்டின் தலைக்கு மேல் சொம்பைத் தூக்கினான்.

இருசப்பன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மூணுதான் வழக்கம்."

"அம்மா அழுவுறாங்க மாமா."

இருசப்பன் அக்காவைப் பார்த்தார், கிடாவைப் பார்த்தார். பிறகு அருவாளைச் சாமி காலடியில் வைத்தார். "திலகம், யாரு வேணான்னது? உசுரோட வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாரு. இனிமே இது முனியாண்டி ஆடு. எங்கப்பாரு காலத்துலயும் இப்படி நடந்திருக்கு. ஒங்கடன் தீந்துச்சு."

அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. அவர் அப்பா காலத்தில் நானும் இதே கோயிலில் சிறுவனாகக் கறிச்சோற்றுக்குக் காத்து நின்றவன்தான். சிலுப்பாத ஆட்டை ஒதுக்கிவிட்டு வேறு ஆடு கொண்டுவரச் சொல்வார்கள். வழக்கத்தில் ஒரு நூல் பிசகினாலும் சாமியாடுகிற மனுஷன் அத்தனை பேர் முன்னால் வாய் கூசாமல் பொய் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அக்கா நம்பவில்லை. மகனைத்தான் பார்த்தார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று அவரிடம் நூறு தடவை வாதாடிய பிள்ளை. அவன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆமாம்மா, சாமி வாங்கிக்கிட்டாரு" என்றான்.

இருசப்பன் திருநீற்றுத் தட்டை நீட்டினார். குகன் அம்மாவின் உயரத்துக்கு நெற்றியைத் தாழ்த்தினான். அக்கா பூசிவிட்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குத்தான்டா நீ ஆஸ்பத்திரிய விட்டு வீட்டுக்கு வந்திருக்க" என்றார்.