நான் நொதியாக ஓடிய நாள்

அப்பா ஹெப்பகோடி தொழிற்சாலைக்குப் போகாமல் படுத்துக் கிடந்த வாரம் அது. கண்ணெல்லாம் மஞ்சள். சோற்று வாசனைக்கே குமட்டியது. காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்; முடிவை மாலையில் போனில் சொல்வதாகப் பேச்சு. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீடு ஓர் அறையும் அதை ஒட்டிய சமையலறையும்தான். அம்மா துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள். நான் வாசலுக்கும் அப்பாவின் பாய்க்குமாக ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஒரு எடத்துல குந்தேன்டி, பேஜாரா இருக்குது!" என்று அம்மா கத்தினாள்.

எங்களோடு தங்கி லேப் டெக்னீஷியன் படிப்பு படித்துவந்த சித்தி என்னை இழுத்து உட்காரவைத்தாள். அப்பாவுக்குப் பார்ப்பது எஸ்ஜிபிடி, அது ஒரு நொதி என்றாள். தன் தலையிலிருந்த கிளிப்பைத் தொட்டு, இதுதான் அமினோ தொகுதி, தான் அலனின் என்ற அமினோ அமிலம், பக்கத்திலிருந்த என் தம்பி அந்தத் தொகுதி இல்லாத வேறோர் அமிலம் என்றாள்.

"நீதான் நொதி. என்கிட்ட புடுங்கி அவன் தலையில குத்து. நீ வெச்சிக்கக் கூடாது."

குத்தியதும் தம்பி அமினோ அமிலமாகிவிட்டான். சித்தி வேறு பொருளாகிவிட்டாள். நொதி மட்டும் மாறாமல் அடுத்த ஆளுக்குத் தயார். இதைத் திருப்பியும் செய்யலாமாம். பிறகென்ன, என்னைப் பிடிக்க முடியவில்லை.

போன் வந்தது. சித்தி கேட்டுவிட்டு அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "ரொம்ப ஜாஸ்திக்கா. ஆயிரத்தைத் தாண்டிருச்சு" என்றாள். அம்மா சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

எங்கள் வகுப்பில் நூறு வாங்கவே ஆளில்லை. நான் அப்பாவிடம் பறந்தேன்.

"அப்பா, உன் ரத்தத்துல நொதி ஆயிரத்துக்கும் மேல! எல்லாம் எடுத்து எடுத்துக் குடுக்குது!"

அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "அப்பிடியா கண்ணு? சபாஷ்" என்று என் கையைப் பிடித்தவர் விடவில்லை. எனக்கோ ஓட வேண்டியிருந்தது.

சற்று நேரத்தில் ஆட்டோ வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைத்து, சட்டை தொளதொளக்க வீடு திரும்பினார்.

அந்த நொதி கல்லீரலின் செல்லுக்குள் இருக்க வேண்டியது, செல் உடைந்தால்தான் ரத்தத்தில் அவ்வளவு கொட்டும் என்பதைக் கல்லூரியில் படித்தேன். அன்று எனக்குப் புரியாதது அது மட்டுமல்ல. அப்பாவின் பாய் சமையலறைக் கதவுக்கு நேராகக் கிடந்தது. நான் ஓடிவருவதற்கு முன்பே, அம்மா உட்கார்ந்ததை அவர் பார்த்துவிட்டிருந்தார்.