மஞ்சள் சுவரா, நீலச் சுவரா?

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், எனக்குச் சாதகமில்லாததையும் சேர்த்து.

எங்கள் வீட்டில் ஒரே அறை. இரவில் நான் அங்கே படிப்பேன். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பா பகலில் அங்கே தூங்குவார். நேற்று பெயின்டர் ஒரே சுவரில் பாதிக்கு வெளிர்மஞ்சளும் பாதிக்குக் கருநீலமும் அடித்துக் காட்டினார்.

டியூப்லைட்டில் மஞ்சள் அவ்வளவு அழகு.

"மஞ்சள்தாம்மா. படிக்க வெளிச்சமா இருக்கும்."

"உங்கப்பா பகல்ல தூங்க வேணாமா?" என்றார் அம்மா.

இன்று காலை ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பாவையே கேட்டேன்.

"நான் கண்ண மூடிக்கினுதானே கெடக்கப் போறேன், எந்தக் கலரா இருந்தா இன்னா? உனக்குப் புடிச்சதையே அடிக்கச் சொல்லு."

ஜெயித்த மகிழ்ச்சியில் சற்று நேரம் கழித்து வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். ஜன்னல் வெயில் மஞ்சளில் பட்டு அறை முழுக்கப் பளீரென்றிருந்தது. முகத்தில் துண்டைப் போட்டும் தூக்கம் வராமல், அப்பா நீலப் பக்கமாகப் புரண்டு படுத்தார்.

"அம்மா, நீலமே அடிக்கச் சொல்லு."

"இன்னாடி, அதுக்குள்ள கட்சி மாறிட்ட?"

மஞ்சள்தான் அழகு என்ற கருத்தில் இப்போதும் மாற்றமில்லை. நீல அறையில் படிக்க நல்ல டேபிள் லேம்ப் எதுவென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இப்போதைக்கு அப்பா தூங்கட்டுமென்று ஜன்னலைச் சாத்தி, எரிந்துகொண்டிருந்த டியூப்லைட்டையும் அணைத்துவிட்டேன்.