பீட்டர் மூடிக்கு வாங்கிய விலக்கு

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்து ஸ்பின்னிங் மில் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஃபேக்டரி இன்ஸ்பெக்டருக்குப் போகும் விலக்கு மனுக்களை அடித்தது நான்தான். கையெழுத்து முதலாளியுடையது, பொய் என்னுடையது.

ப்ளோ ரூமில் பஞ்சை அடித்துச் சுத்தம் செய்யும் பீட்டர் என்ற மிஷின் பழையது. ஓடும்போது மூடி திறக்காதபடி பூட்டு வேண்டும் என்பது விதி. எங்கள் மிஷினில் பூட்டுப் பொருத்த வழியில்லை. விலக்கு கேட்டால், பூட்டுக்குப் பதில் என்ன பாதுகாப்பு என்று எழுத வேண்டும்.

"போன தடவை எழுதுனதையே அடிங்க. விலக்கு ஆர்டர் வந்தாப் போதும்" என்றார் மேனேஜர்.

அடித்தேன். சிக்கிய பஞ்சை ஒருவர் எடுக்கும்போது, இன்னொருவர் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நிற்பார் என்று.

இன்ஸ்பெக்டர் நேரில் வந்தார். "வேலை பாக்குற ஆளுக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"தெரியும் சார்" என்றேன்.

அதையே நிபந்தனையாகப் போட்டு ஆர்டர் வந்து பீரோவுக்குள் போனது. ப்ளோ ரூமுக்கு நான் போகவே இல்லை. சில மாதம் கழித்து, அங்கே வேலை பார்த்த சோழபுரத்து மாடசாமி ஓடுகிற மிஷினில் தனியாக மூடியைத் திறந்து பஞ்சை இழுத்திருக்கிறார். வலது கையில் இரண்டு விரல் போயின.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை.

"சுவிட்சுக்கிட்ட ஒரு ஆளு நிக்கணும்னு எழுதியிருந்தீகளாம்ல அண்ணாச்சி. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

 

அதன் பிறகு கேன்டீனில் நான் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. யாராவது திட்டியிருந்தால் தேவலை.  ஊரோடு பஸ்ஸில் வந்தாலும் ஒற்றை ஆளாகவே இருந்தேன்.

விபத்துக்குப் பின்தான் சுவிட்சுக்கு ஆள் போட்டார்கள். வேறு வேலை பார்க்க முடியாத மாடசாமியையே போட்டார்கள். ஆர்டரைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு முதல் முறையாக ப்ளோ ரூமுக்குப் போய், அவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

மனு எழுதும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். நிபந்தனையை முதலில் மிஷின் பக்கத்தில் நிற்பவரிடம் வாசியுங்கள், பிறகு டைப் அடியுங்கள். அன்று நான் வாசித்து முடித்ததும் மாடசாமி சுவிட்சின் மேல் மூன்று விரலை வைத்தபடி சொன்னார்:

"இப்ப மூடிக்கிட்ட ஒரு ஆளு, சுவிட்சுக்கிட்ட நான்னு ரெண்டு பேரு நிக்கோம் அண்ணாச்சி. அடுத்த மனுவுல தைரியமா எழுதிக்கிடுங்க."