கண்ணாடி துடைப்பவரின் லீவு நாள்

கடற்கரை ஹோட்டலில் கயிற்றில் தொங்கி ஜன்னல் கண்ணாடி துடைப்பவருக்குக் கடல் எப்போதும் முதுகுப் பக்கம்தான். கல்யாண நாளென்று முதலாளி மனசு இரங்கி, கடல் பார்த்த அறை ஒன்றை ஓசியில் கொடுத்தார். மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக் கடலைப் பார்த்தாள். இவர் கண்ணில் பட்டதோ கண்ணாடியின் வெளிப்பக்கம் காக்கா போட்டிருந்த எச்சம்.

"கடலைப் பாருங்களேன்."

"எங்க பாக்க விடுது?"

ரிசப்ஷனுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"துடைக்கிறவர் இன்னிக்கு லீவு சார்," என்றாள் அங்கிருந்த பெண்.

"பொறுப்பில்லாத பய," என்று தன்னையே திட்டிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினார். கயிற்றில் இறங்கி எச்சத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் செல்போன் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவி, காதில் போனோடு.

"கொஞ்சம் தள்ளித் தொங்குங்க. கடலே தெரியல."