துண்டால் மூடிய கணினி

‘ஒரு தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அறிந்தவர், மற்றொன்றின் கடவுச்சொல்லை எக்காரணம் கொண்டும் அறிந்திருக்கலாகாது.’ எங்கள் அலுவலக விதிகளில் இது ஏழாவது. மறந்து தொலைக்க நானும் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். போன வாரம் ராபர்ட்சன்பேட்டை வங்கியில் ஒரு பெண் என் கைபேசியை என்னிடம் நீட்டி, "புது பாஸ்வேர்டு போடுங்க அங்கிள், நான் பாக்கல" என்று நாகரிகமாகக் கூரையைப் பார்த்தாள். அவ்வளவுதான். விதி ஏழு முழுதாக எழுந்து வந்து நின்றது. கூடவே தேங்காய் எண்ணெய் வாடை வீசும் ஒரு துண்டும்.

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கம் மூடிய பிறகு நான் ஒரு சேமநல சங்கத்தில் மேற்பார்வையாளராக இருந்தேன். மேற்பார்த்தது இரண்டு கணினிகளை. உறுப்பினர் பதிவு ராபர்ட்சன்பேட்டை கணினியில். கண் மருத்துவப் பதிவு கோரமண்டல் கிளையின் கணினியில். இரண்டுக்கும் மின்விசிறி உண்டு, எனக்குக் கிடையாது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அடுத்த ஆயுத பூஜை வரை திரையில் இருக்கும். அதுவரை யாரும் அதைத் துடைத்ததில்லை.

முதல் கணினியின் கடவுச்சொல் தேவராஜிடம், இரண்டாவதன் கடவுச்சொல் கிருபாகரனிடம். இருவரும் ஒரே ஷிப்டில் பல காலம் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். பிறகு கணினி கற்று மேலே வந்தவர்கள். ஒரு கேரம் போட்டியில் சிவப்புக் காயைத் தொடர்ந்து விழ வேண்டிய ‘பாலோ’ காய் விழுந்ததா இல்லையா என்று தகராறு வந்ததிலிருந்து பேசிக்கொள்வதில்லை. விதி ஏழுக்கு இதைவிட நல்ல காவல் கிடைக்காது என்று தலைமை அலுவலகம் மகிழ்ந்திருக்கும், தெரிந்திருந்தால்.

அப்போதுதான் கன்னியம்மா வந்தார். பக்கத்துப் பாலகாட்டில் ரவிக்கை தைத்துப் பிழைப்பவர். கண்ணில் புரை விழுந்து ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தையல் மெஷின் ஒரு மாதமாகச் சும்மா கிடந்தது. திங்கட்கிழமை பெங்களூரிலிருந்து மருத்துவர் கோரமண்டலுக்கு வருகிறார். அடுத்து எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் கோரமண்டல் கணினிக்குக் கன்னியம்மாவைத் தெரியவில்லை. அவர் பெயர் ராபர்ட்சன்பேட்டைக் கணினிக்குள் பத்திரமாகப் பூட்டியிருந்தது.

பெயரைத் தட்டிச் சேர்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போதாது. விதி பதினொன்று: பதிவை நகலெடுக்கலாம், உருவாக்கலாகாது. நகலெடுக்க வேண்டுமானால் இரண்டு பூட்டும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். அதற்கான சின்னப் பெட்டி ஒன்று திரையில் வரும். மேல் கட்டத்தில் ஒரு கடவுச்சொல், கீழ்க் கட்டத்தில் இன்னொன்று. அதை எழுதிய புண்ணியவான் எழுத்துகளை மறைக்கவும் இல்லை. தட்டுவதெல்லாம் பளிச்சென்று தெரியும். விலக்கு வேண்டித் தலைமை அலுவலகத்துக்கு முறைப்படி கடிதம் எழுதினேன். பதில் இல்லை. சனிக்கிழமை வந்துவிட்டது.

பூட்டிய பதிவுக் கோப்பை ஒரு வட்டில் ஏற்றி, தேவராஜையும் கோரமண்டலுக்கு அழைத்துப் போனேன்.

"இன்னா சார், அந்தாளு பக்கத்துல நான் குந்தணுமா?" என்றார் தேவராஜ்.

கிருபாகரன் என்னைப் பார்த்துப் பேசினார். "அவர திரும்பி குந்தச் சொல்லுங்க சார். கேரம் போர்டுல செவப்புக் காய் தெரியாத கண்ணு, பாஸ்வேர்டு மட்டும் நல்லா தெரியும்."

பெஞ்சில் காத்திருந்த கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்பா, நீங்க ரெண்டு பேரும் கண்ண மூடிகினா, என் கண்ண யாருப்பா தொறக்கறது?"

நான்தான் வழி கண்டேன். தேவராஜின் தோளில் கிடந்த துண்டை வாங்கித் திரையின் மேல் போட்டேன். தட்டுபவருக்கே தெரியாதபோது அடுத்தவர் எப்படி அறிய முடியும்? விதி ஏழு பிழைத்தது. இன்றும் அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

தேவராஜ் தட்டி, பழக்க தோஷத்தில் என்டரை அழுத்தினார். துண்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? விழுந்ததோ இல்லையோ என்ற சந்தேகத்தில் இன்னொரு முறை தட்டி, மறுபடி என்டரை அழுத்திவிட்டார். முதல் என்டரிலேயே கட்டம் மாறிவிட்டதால், இரண்டாவது முறை தட்டியது கீழ்க் கட்டத்தில், அதாவது கிருபாகரனின் கட்டத்தில், விழுந்திருக்கிறது. கணினி அலறப் போகிறது என்று எதிர்பார்த்தேன். அது கரகரவென்று ஓடி நின்றது. துண்டைத் தூக்கினால், ‘பதிவுகள் நகலெடுக்கப்பட்டன.’

கிருபாகரன் இன்னும் ஒரு விரல்கூட அசைக்கவில்லை.

"டேய், இன்னாடா போட்ட?" எத்தனையோ காலத்துக்குப் பிறகு அவர் தேவராஜிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

"என்னுது தான்டா போட்டேன். மூணு பெல்லு."

"அது என்னுதுடா!"

பிறகு இருவரும் நாற்காலி கிறீச்சிடச் சிரித்தார்கள்.

"மூணு பெல்லா?" என்றார் கன்னியம்மா. "சொரங்கத்துல எறக்கி ஏத்தற கூண்டு, அந்த கேஜ்ல ஆளு ஏறுதுன்னா அடிக்கிற மணி. ஊருக்கே தெரிஞ்சத போயி துண்டு போட்டு மூடிகினு இருந்தீங்களா?"

சரக்கு ஏறினால் அந்த மணி இல்லை. மனிதர் ஏறினால் மட்டும். ரகசியமாக ஒரு வார்த்தை யோசி என்றதும், இருவருக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது.

திங்களன்று ஆபரேஷன் நல்லபடி நடந்தது. இப்போது அந்தக் கிளை இருந்த இடத்தில் பிரியாணிக் கடை. கணினிகள் சந்தனப் பொட்டோடு பழைய இரும்புக்குப் போயின. தேவராஜ் மகளோடு பெங்களூர் போய்விட்டார். கிருபாகரன் ஆளில்லாமல் தனக்குத்தானே கேரம் ஆடுகிறார், அதிலும் பாலோ தகராறு வருகிறதாம். மூணு பெல் என்றால் வங்கிப் பெண்ணுக்குத் தெரியாது. உண்மையிலேயே ரகசியமாகிவிட்டது. நல்ல கடவுச்சொல்தான் இனி.

எங்கள் கிளைகளை மூடி நெடுநாள் கழித்து, கிளை முகவரிக்கு வந்த தலைமை அலுவலக உறை ஒன்றைத் தபால்காரர் என் வீட்டுக்குக் கொண்டு வந்தார். கண்ணாடி அகப்படவில்லை. தைத்த திரைச்சீலையைக் கொடுக்க வந்திருந்த கன்னியம்மாதான் வாங்கிப் படித்தார்: விலக்கு வழங்கப்படுகிறது, இரண்டு கடவுச்சொற்களும் ஒன்றாக இருக்கலாகாது என்ற நிபந்தனையுடன்.

"தேதி இன்னா போட்டுகீது?" என்றேன்.

உறையில் எங்கள் ஊர்த் தபால் நிலையம் குத்திய முத்திரையைக் கண்ணருகே கொண்டுபோனார். "இன்னிக்குத் தேதி தான் சார். பிப்ரவரி இருபத்தொம்பது."

கண்ணில் மறுபடி புரையோ என்று பயந்துபோய் நாட்காட்டியைப் பார்த்தேன். சரியாகத்தான் படித்திருந்தார். நாலு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் பிப்ரவரி இருபத்தொன்பது.