பெயர் போட்ட கணக்கு

கார்குழலியின் வாயில் விழுந்தவர்களாவது எழுந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அவள் கணக்கில் விழுந்தவர்கள் கதி அதோகதிதான். நெல்லித்தோப்பில் ஒரு மாடி வீட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். 'ஒரு மனிதர் கடைக்குச் சென்றார்' என்று தொடங்கும் பாடப்புத்தகக் கணக்கைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எந்த மனுசன்? ஊர் பேர் இல்லாதவன் எப்படிப் போனா நமக்கென்னா? பேரு போட்டு எழுதுங்க. கதை தெரிஞ்சாதான் கணக்கு வரும்."

அவள் கணக்கில் தெருவே வரும். கொளஞ்சி மாவு அரைப்பாள், வடிவேல் லாஸ்பேட்டைக்கு ஸ்கூட்டர் ஓட்டுவார். பிள்ளைகள் கதை கேட்கிற சுவாரசியத்தில் விடையைக் கண்டுபிடித்துவிடும்.

அவள் தெருவுக்கு ஒரு கதை சொல்லிவைத்திருந்தாள். பிரான்சிலிருக்கும் கணவன் ஆனந்தராஜ் பொங்கலுக்கு வருகிறான், வந்து அவளைக் கூட்டிப்போகப் போகிறான் என்பது அந்தக் கதை. தனியாக இருக்கும் பெண்ணைத் தெரு மரியாதையாக நடத்தியது அதை நம்பித்தான். அது போனால் எல்லாம் போச்சு என்று அவளுக்கும் தெரியும்.

கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் தணிகாசலத்துக்கும் அவளுக்கும் தண்ணீரால் ஆகாது. மோட்டாரைப் போட்ட கையோடு நிறுத்திவிடுவார். கேட்டால், "கரண்ட் பில்லை உங்கப்பனா கட்டுறான்?" என்பார். அவள் சும்மா இருப்பாளா? மறுநாளே கணக்கு வந்தது.

"மாடித் தொட்டி நிரம்ப முப்பது நிமிசம் ஆவும். தணிகாசலம் பத்து நிமிசத்துல மோட்டாரை நிறுத்திடறார். எவ்ளோ நிரம்பும்?"

"மூணுல ஒரு பங்கு!" பிள்ளைகள் கத்தியது தெருமுனை வரை கேட்டது. மளிகைக் கடையில் தணிகாசலத்தின் மனைவி ரஞ்சிதத்திடம், "எண்ணெய் மூணுல ஒரு பங்கு போதுமாக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ரஞ்சிதம் வீட்டுக்கு வந்து அழுதாள்.

அன்று மாலை தணிகாசலம் மாடிப்படி ஏறினார். பத்து வருடத்தில் வாடகை கேட்கக்கூட ஏறாத மனிதர், வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பசங்களா, நானும் ஒரு கணக்கு சொல்றேன். எழுதுங்க. ஒருத்தர் பிரான்சுக்குப் போனாரு. மொதல்ல ஒரு வருசத்துல ஊருக்கு வந்தாரு. அப்புறம் ரெண்டு வருசம் கழிச்சு வந்தாரு. அப்புறம் நாலு வருசம் கழிச்சு. அடுத்து எப்ப வருவாரு?"

"யோவ், கீழ எறங்குய்யா!" கார்குழலியின் குரல் கிழிந்தது.

முன்வரிசையில் இருந்த வினோதா பென்சிலைத் தூக்கினாள். "சார், பேரு சொல்லலையே? பேரு இல்லாம எழுதுனா மிஸ் திட்டுவாங்க."

தணிகாசலம் கார்குழலியைப் பார்த்தபடி சொன்னார்: "ஆனந்தராஜ்னு போட்டுக்கோ. மூணு தடவையும் கேட்டைத் தொறந்துவிட்டவன் நான்தானே."

அடப் பாவி! பென்சில்கள் ஓடத் தொடங்கிவிட்டன. கணக்கென்று காதில் விழுந்தால் விடை வரும்வரை கை நிற்கக் கூடாதென்று பழக்கியவளே அவள்தான்.

"எட்டு வருசம்!"

"கடைசியா வந்துட்டுப் போயி மூணு வருசம் ஆச்சு. இன்னும் எவ்ளோ?"

"அஞ்சு!"

எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. தணிகாசலம் திருப்தியாக இறங்கிப் போனார். கார்குழலிக்கு அவர் முதுகில் சுண்ணக்கட்டி டப்பாவை வீச வேண்டும்போல் ஆத்திரம் வந்தது. அதற்குள் பிள்ளைகள் நோட்டுகளோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

வினோதாதான் முதலில் இருந்தாள். "மிஸ், அப்ப பொங்கலுக்கு வர மாட்டாரா?"

"கணக்குல என்னா வந்திருக்கு?"

"வர மாட்டாருன்னு."

கார்குழலி சிவப்புப் பேனாவைத் திறந்தாள். பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி 'சரி' என்று போட்டாள். அடுத்த நோட்டை வாங்கினாள்.