வெயிலில் வந்த வெள்ளம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஐப்பசி மாதம். வேலை மாற்றலில் திருவனந்தபுரம் போகவேண்டியிருந்ததால், மலையாளம் கற்றுக்கொள்ள, தமிழ்நாட்டு எல்லையை அடுத்த கேரள ஊரான ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கினேன். ராமநாதபுரத்துக்காரனான எனக்கு அந்த ஊரைப் பார்த்ததும் வாய் பிளந்துவிட்டது. எங்கு திரும்பினாலும் ரப்பர் தோட்டம், கிழக்கே நீலமாய் மலை, காலையில் பளிச்சென்று வெயில், சாயங்காலம் சொல்லிவைத்தாற்போல மழை. ஒரே தொல்லை, நான் தமிழன் என்று தெரிந்ததும் எல்லோரும் தமிழிலேயே பேசிவிடுவார்கள். அப்புறம் மலையாளம் எங்கே வரும்? அதனால் மதியங்களில் பாடப்புத்தகத்தோடு ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்குப் போய், நடுவிலுள்ள பாறையில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படிப்பேன்.

அன்றும் நல்ல வெயில். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் திடீரென்று நுரை போகாத துணிகளை அப்படியே வாளியில் அள்ளிக்கொண்டு கரையேறினார்கள். அப்பாடா, இனி நிம்மதியாகப் படிக்கலாம் என்று நினைத்தேன். அவர்களில் ஒருவர், ரப்பர் பால் வெட்டும் வேலை செய்பவர், திரும்பி நின்று கத்தினார்.

"அண்ணா, கரைக்கு கேறி வாரும்! தண்ணி கலங்குது, சருகு அடிச்சு வருது. மலையில மழையாக்கும்!"

அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொட்டு மேகம் இல்லை. எங்கள் ஊரில் மழை என்றால் தலைக்கு மேலே பெய்யவேண்டும். போதாக்குறைக்குச் சின்ன வயதிலிருந்து கடலில் நீந்தியவன் என்ற திமிர் வேறு. முழங்கால் அளவு ஆறு என்னை என்ன செய்துவிடும்? இன்னும் இரண்டே பக்கம், முடித்துவிட்டு வருகிறேன் என்று கையை ஆட்டினேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று ஆற்றில் இறங்கி வந்து, என் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். புத்தகம் தண்ணீரில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திட்டிக்கொண்டேதான் கரைக்கு வந்தேன். அதற்குள் தண்ணீர் தொடைவரை ஏறியிருந்ததுகூட என் புத்தியில் உறைக்கவில்லை.

கரையில் கால் வைத்து நிமிர்வதற்குள், லாரியிலிருந்து சரளை கொட்டுவதுபோல ஒரு சத்தம். செம்மண் நிறத்தில் ஆறு திரண்டு வந்தது. வேரோடு ஒரு மரம் உருண்டு போனது. நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. வெயில் அப்போதும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் நாலடி பின்னால் தள்ளிப்போய் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் அவர் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். உங்களுக்கு நன்றாக நீந்தத் தெரியும்போல என்று ஏதோ உளறினேன்.

"எனக்கு நீச்சல் தெரியாதண்ணா," என்றார். "சின்ன பிள்ளைகள் ரெண்டு உண்டு. அதுகள நெனச்சிருந்தா நான் எறங்கியிருக்க மாட்டேன். நெனைக்கல்ல, அவ்வளவுதான்."

ஆற்றைப் பார்த்து வந்த பயம் இரண்டு நாளில் போய்விட்டது. என் திமிருக்கு இரண்டு குழந்தைகளின் தாயைப் பணயம் வைத்தேனே என்ற அதிர்ச்சி மட்டும் இன்னும் போகவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊரிலும் அந்த ஊர்க்காரர் 'எழுந்து வா' என்றால், ஏன் என்று கேட்பதற்கு முன் எழுந்துவிடுகிறேன்.